அந்தக் கடைசி ஷாட்

கண்ணம்மா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. "பந்து என் கையிலதாம்மா இருந்துச்சு, கூடை பக்கத்துலயே இருந்துச்சு" என்றாயே, அது இன்னும் காதிலேயே நிற்கிறது. அப்போது எனக்கு வாயே வரவில்லை. போனை வைத்துவிட்டு உன் அறையில் போய் உட்கார்ந்தேன். 21ஆம் எண் பனியனோடு உன் கூடைப்பந்து நாயகன் டிம் டங்கன் இன்னும் அதே சுவரில் படமாக இருக்கிறார். 2013இல் அவர் தோற்ற ஆட்டத்தைத் தேடிப் பார்த்தேன். நீ எத்தனையோ தடவை சொல்லியும் நான் காது கொடுக்காத ஆட்டம்.

அமெரிக்க NBA கூடைப்பந்து இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். இவருடைய சான் அன்டோனியோ அணிக்கு எதிரே மயாமி அணி. மயாமி இரண்டு புள்ளி முன்னால். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. கூடைக்குப் பக்கத்தில் பந்து இவர் கையில், எதிரே இவரைவிடக் குள்ளமான ஷேன் பாட்டியர். காலமெல்லாம் போட்டுப் பழகின ஷாட், விழவில்லை. திரும்பி வந்த பந்தைத் தட்டிவிட்டார், அதுவும் விழவில்லை. எதிரணியைத் தடுக்கத் திரும்பி ஓடிவந்த டங்கன் குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் தரையை ஓங்கி அடித்தார். அந்த இடத்தை மட்டும் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன். 37 வயதில் அன்றைக்கு 24 புள்ளி எடுத்து, கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 12 தடவை பிடித்த மனிதர் அவர்!

அடுத்த வருஷமே அதே மயாமியை 4-1 என்று ஜெயித்து ஐந்தாவது பட்டம் வாங்கினார். இது உனக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தூக்கம் போனது அவருடைய சின்ன வயதுக் கதையைப் படித்துத்தான்.

கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் கிராய் தீவில் அவர் நீச்சல்காரப் பையன். 1989இல் ஹியூகோ புயல் அங்கிருந்த பெரிய நீச்சல் குளத்தை நாசமாக்கிவிட்டது. கடலில் பழகலாம் என்றால் சுறாவுக்குப் பயம். மறுவருஷம், 14ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், அவருடைய அம்மா மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். அப்புறம்தான் கூடைப்பந்தில் முழுதாக இறங்கியிருக்கிறார். பட்டப்படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, பணம் கொட்டும் ஆட்டம் காத்திருந்தும் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷமும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கினார். 1997இல் NBA அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது சான் அன்டோனியோ இவரை முதல் ஆளாக எடுத்தது. 2016 வரை 19 சீசன், வேறு அணி பக்கமே போகவில்லை.

அவ்வளவு ஆட்டத்தில் ஒன்றைக்கூட அந்தத் தாய் பார்க்கவில்லை, கண்ணம்மா. நானோ உயிரோடு இருந்தும், நீ கீழே விழுந்துவிடுவாயோ என்ற பயத்தில், ஒவ்வொரு தடவையும் ஏதோ வேலையைச் சொல்லி வராமலே இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆட்டம் எப்போது? தேதி தெரிந்ததும் சொல்லு, நான் வருகிறேன். எங்கே உட்கார்ந்தால் நீ திரும்பிப் பார்க்கும்போது உன் கண்ணில் படுவேன் என்றும் சொல்லிவிடு.

அம்மா