புது ஹெவி லைசென்ஸும் மூன்று லாரி ஆபீசும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ராசு,

நலம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? தம்பி பிரகாஷுக்கு ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்பச் சந்தோஷம். இங்கே முதலமடையில் மாங்காய் லோடு தொடங்கியாச்சு. கோவிந்தாபுரம் ரோட்டில் வடக்கே போகிற வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவனுக்கு டெல்லி மாங்காய் வண்டி, கிரஷர் டிப்பர், கோவை - கொச்சி பார்சல் என்று மூன்று வேலை வந்திருப்பதாக எழுதி, எதில் சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். அந்த டெல்லி வண்டியைப் பற்றியே முதலில் சொல்கிறேன்.

அதற்கு இப்போது அனுப்பாதே. சம்பளம் மற்ற இரண்டையும்விடக் கூடுதல்தான், ஆனால் 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், பழுக்கிற சரக்கு. இன்ன நேரத்துக்கு மண்டியில் நிற்க வேண்டும் என்று பேசித்தான் ஏற்றுவார்கள், தாமதமானால் வாடகையில் கை வைப்பார்கள். கூட ஒரு சீனியர் டிரைவர் வருகிறாரே என்று நீ நினைக்கலாம். அவர் தூங்கும் நேரத்தில்தான் இவன் ஸ்டியரிங் பிடிப்பான், இவன் ஓட்டுவதை அவர் பார்க்கப் போவதே இல்லை. பிறகு எங்கே கற்றுக்கொள்வது? சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது.

கல் உடைக்கிற கிரஷரில் டிப்பர் வேலை வீட்டுக்குப் பக்கம் என்று தங்கச்சி ஆசைப்படுவது புரிகிறது. ஆனால் அங்கே கூலி நடைக் கணக்கு, ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு என்று. கேரளத்துக்குள் பள்ளிக்கூட நேரத்தில் டிப்பர் ஓட்டத் தடை இருப்பதால், அந்த நடைகளையும் மிச்ச நேரத்துக்குள் முடிக்கப் பறப்பார்கள். சரிவான தரையில் பாடியைத் தூக்கினால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். தரையைப் பார்த்து நிறுத்துகிற கண் பழகாதவனுக்கு அது ஆகாது. கேஸ் டேங்கர் என்று யாராவது ஆசை காட்டினால் அதையும் இப்போதைக்குத் தள்ளி வை. அதற்கு மூன்று நாள் தனிப் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும், அது சில வருஷம் கழித்துப் பார்க்கலாம்.

மிச்சம் அந்தக் கோவை - கொச்சி பார்சல் ஆபீஸ். மூன்றில் சம்பளம் குறைவு இதுதான், என் மனசு இதற்குத்தான். ஒரே ரோடு, ஒரே நேரம், வண்டி ஒன்றுவிட்டு ஒரு நாளாவது சொந்த ஷெட்டுக்குத் திரும்பும், பழுதென்றால் மெக்கானிக் கண்ணில் படும். முதல் வருஷத்துக்கு வேண்டியது இதுதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டாம், கேட்க வேண்டியவை இருக்கின்றன.

முதல் கேள்வி, எத்தனை மாதம் சீனியரோடு அனுப்புவார்கள்? முன்பெல்லாம் கிளீனராக ஏறி, தார்ப்பாய் கட்டி, டயர் மாற்றி, பின்னால் நின்று ‘வரட்டும் வரட்டும்’ சொல்லிப் பழகித்தான் டிரைவர் ஆனார்கள். இன்றைக்குப் பையன்கள் டிரைவிங் ஸ்கூலிலிருந்து நேராக வருகிறார்கள். கியர் தெரியும், சரக்கு ஏறிய வண்டி வளைவில் எப்படித் தள்ளும் என்று தெரியாது, கடைத்தெருச் சந்தில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. மூன்று மாதமாவது இரண்டாவது டிரைவராகப் போகட்டும். ‘நாளைக்கே தனியா எடுத்துட்டுப் போ’ என்கிற ஆபீசில் ஆள் நிற்காமல் ஓடுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அடுத்தது தூக்கம். இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் கொச்சி ஐந்து மணி நேரத்துக்குள் வரும், அது தாங்கும். விடிந்ததும் அதே ஆளை ஊருக்குள் டெலிவரிக்கும் அனுப்புகிறார்களா என்று கேள். அனுப்பினால் மறுநாள் இரவு அவன் கண் சொக்கும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, இடையில் அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். படுக்க இடம் எங்கே என்றும் கேட்டுக்கொள். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாரான லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். பழைய வண்டியில் பகலில் கேபினுக்குள் தூங்குவது என்பது பாலக்காட்டு மார்ச் மாதத்தில் நடக்காது.

இனி காசு. மாதச் சம்பளம் எவ்வளவு என்பதைவிட நடைக் கணக்கை எப்படி முடிக்கிறார்கள் என்பது முக்கியம். பேட்டா நடைக்கா, கிலோமீட்டருக்கா? சரக்கு இறங்காமல் வண்டி காத்துக்கிடந்து ஹால்ட்டிங் ஆனால் படி உண்டா? இறக்குகூலி யார் கொடுப்பது? கேரளத்தில் நோக்குக்கூலியை, அதாவது சும்மா பார்த்து நிற்பதற்கே கேட்கிற கூலியை, 2018 மே முதல் தேதியிலிருந்து அரசு தடை செய்துவிட்டது. ஆனாலும் இறக்குகிற இடத்தில் பேச்சு வந்தால் டிரைவர் தன் பையிலிருந்து கொடுத்துவிட்டு வரக்கூடாது, ஆபீசில் பேச ஆள் இருக்க வேண்டும்.

புதுப் பையன்கள் அடிபடுகிற இடம் டீசல் மைலேஜ். கோவை - கொச்சி போய்வர 400 கிலோமீட்டர் என்று வை. லிட்டருக்கு 4 கொடுக்க வேண்டும் என்று ஆபீஸ் வைத்தால் 100 லிட்டர். வண்டி 3.6 கொடுத்தால் 111 லிட்டர். அந்த 11 லிட்டர் டிரைவர் தலையில். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற காலத்தில் ஒரு நடைக்கே ஆயிரம் ரூபாய் பேட்டாவில் போய்விடும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டயரில் காற்றுக் குறைந்திருந்தாலும், கொச்சி இடப்பள்ளி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் மைலேஜ் விழும், பழி டிரைவருக்கு. ஆகவே லோடு வண்டிக்கு ஒரு கணக்கு, காலி வண்டிக்கு ஒரு கணக்கு, மலைக்கு வேறு கணக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்களா என்று பார். சேர்ந்த முதல் மூன்று மாதம் பிடித்தம் இல்லை என்கிறார்களா என்றும் கேள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காசு மட்டும் இல்லை. பிடித்தத்துக்குப் பயந்த பையன் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவான். புளியரையோ, குமுளியோ, தாமரச்சேரிச் சுரமோ, எந்த மலை இறக்கமானாலும் லோடு வண்டியை நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிப்பு போய்விடும். மொத்தப் பாரமும் பிரேக் மேல். டிரம் சூடேறி லைனிங் வழுக்க ஆரம்பித்தால் எவ்வளவு மிதித்தாலும் நிற்காது. சிலர் எஞ்சினையே அணைத்து இறக்குவார்கள். கம்ப்ரசர் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏறாது, ஸ்டியரிங்கும் இறுகிவிடும். இதில் டீசலும் மிச்சமாகாது. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் டீசல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். ஏறிய கியரிலேயே இறக்கு, புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகம் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு என்று பிரகாஷிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஓவர்லோடு. ஆர்.சி.யில் மொத்த எடையும் வெறும் எடையும் இருக்கும், கழித்தால் ஏற்றக்கூடிய பாரம். பல கம்பெனி வண்டிகளில் மாடல் நம்பரே மொத்த எடையைச் சொல்லும்: 2818 என்றால் 28 டன், 180 குதிரைத்திறன் அளவு. கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் டன்னுக்கு 2,000. மூன்று டன் கூடினால் 26,000. எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. சட்டம் ஏற்றியவரோடு ஓட்டியவரையும் சேர்த்தே பிடிக்கும். ‘அபராதம் வந்தா பார்த்துக்கலாம்’ என்று வாயால் சொல்வது போதாது. எடைமேடைச் சீட்டு இல்லாமல் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லும் அப்படித்தான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. வழியில் வண்டி நின்று நேரம் தாண்டப் போனால், முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் நம்பரையும் மாற்ற வேண்டும். நடுராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்க ஆபீசில் யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்கத் தவறாதே.

ஒரிஜினல் லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் வைக்கிற இடம் வேண்டவே வேண்டாம். எழுதாத பேப்பரில் கையெழுத்தும் கூடாது. முன்பணம் பெரிதாகக் கொடுத்தாலும் வாங்காதே, அது அடையும்வரை வேறு இடத்துக்கு நகர முடியாது. இருபது பேராவது வேலை செய்யும் ஆபீஸ் என்றால் பி.எஃப். உண்டா என்று தயங்காமல் கேட்கலாம். பத்துப் பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ஷெட்டுக்குப் போய் வாருங்கள், அன்றைக்குத்தான் வண்டிகள் நிற்கும். ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து பிரேக் காற்று மீட்டரில் 7, 8 பார் அழுத்தத்துக்கு ஏறும்வரை காத்திருக்கச் சொல். பிறகு எஞ்சினை அணைத்து, பிரேக்கை ஒரு நிமிஷம் மிதித்தபடி முள்ளைப் பார்க்கட்டும். முதலில் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டால் சரி. இறங்கிக்கொண்டே போனால் எங்கோ லீக், அடியில் குனிந்தால் ‘உஸ்ஸ்’ என்று காதில் விழும். வீல் நட்டிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்து ஓடியிருக்கிறது. முன் டயர் ரீட்ரெட், அதாவது பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது என்றால் அந்த ஆபீஸ் எதில் மிச்சம் பிடிக்கிறது என்பது தெரிந்துபோகும். அங்கே நிற்கிற டிரைவர்களிடம், கடைசியாக எப்போது கணக்கு முடித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். நாள் சொன்னால் நல்லது. சிரித்துவிட்டு நகர்ந்தால் அதுவும் பதில்தான்.

வண்டி நம்பர்களைக் குறித்து எனக்கு அனுப்பு. எம்-பரிவாகன் ஆப்பில் இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுப்பிரமணி