வெள்ளம் வடிந்தபின் சேற்றை யார் அள்ளுவது? மாவட்டப் பேரிடர் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவராகிய மாவட்ட அதிகாரி அவர்களுக்கும், குழுவில் இடம்பெற்றுள்ள எல்லாத் துறையினருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வழக்கம்போல நவம்பருக்கு முன்பே கூட்டம் போடுவீர்கள். எத்தனை படகு, எந்தெந்தப் பள்ளியில் தங்கும் மையம், அரிசி எவ்வளவு, பாய் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பீர்கள். அதில் எங்களுக்குக் குறையில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் நம் ஜோகூர் மாநிலம் அடுத்தடுத்து இரண்டு முறை மூழ்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்களே, அந்தக் காலத்தோடு பார்த்தால் இன்று எச்சரிக்கை சீக்கிரம் வருகிறது. ஆற்று நீர்மட்டத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறோம். நான் கேட்க வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. தண்ணீர் வடிகிறது, மையத்தை மூடுகிறீர்கள், ஆட்களை லோரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறீர்கள். அந்த வாசலுக்கு உள்ளே கிடக்கும் சேற்றை அள்ளுவது யார்? நாங்கள் கண்டவரை அதற்கு இதுவரை பதில் இல்லை.

நான் ரப்பர்த் தோட்டத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டபோது லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு பட்டணத்து ஓரத்துத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. மலிவாகக் கிடைத்த இடம் என்றால் பள்ளமான இடம்தான். ஆறு பின்னாலேயே ஓடுகிறது. பிள்ளைகள் ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கிறார்கள். வார நாளில் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள், அதிலும் தனியாக இருக்கும் பெண்கள் அதிகம். வெள்ளத்துக்குப் பிறகு மண்வெட்டி பிடிப்பவர்கள் இவர்கள்தான்.

சேறு என்று எழுதினால் அதன் கனம் தெரிவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் நான்கு அங்குலம் படிந்தாலே ஒரு கன மீட்டருக்கு மேல் போய்விடும். ஈரச் சேறு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஆக, அந்த ஓர் அறையில் மட்டும் ஏறக்குறைய 1.7 டன். வரவேற்பறை, சமையல்கட்டு, குளியலறை எல்லாம் அதற்கு மேல். சேறு தரையோடும் நிற்பதில்லை. அடுப்பின் பர்னருக்குள் போய்க் களிமண்ணாக அடைத்துக்கொள்கிறது. மெத்தை அதைக் குடித்துவிட்டு நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. குளிர்ப்பெட்டி மிதந்து போய்க் கதவுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும். கதவைத் தள்ளினால் திறக்காது. சாமி மேடையில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சேறு நுழைந்திருக்கும். அதைத் துடைக்கத் தொடங்கிய ஒரு பாட்டி, பாதியில் கையை எடுத்துவிட்டு, "டிரெஸ்ஸர் ஐயா, இதுக்கு மேல என்னால ஏலாதுங்க" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய உடம்பு அது. வேலைக்கு அஞ்சியவர் அல்லர்.

ஆற்றோரத்துக்காரர்களுக்கு ஒன்று தெரியும். தண்ணீர் வடியும்போதே அதோடு சேர்த்துச் சேற்றை வெளியே தள்ளிவிட வேண்டும். முழங்கால் அளவிலிருந்து கணுக்கால் அளவுக்கு இறங்கும் அந்தச் சில மணி நேரம்தான் நல்ல நேரம். துடைப்பத்தாலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் சேறு அடியில் தங்கி இறுகுகிறது, இரண்டு நாள் வெயில் பட்டால் மண்வெட்டிக்கும் மசிவதில்லை. அந்த நேரத்தில் நாங்கள் மையத்தில் இருக்கிறோம். பாதுகாப்புக்காக எங்களை உடனே அனுப்பாமல் வைத்திருப்பது சரிதான். மின்சாரம் சோதிக்கப்படாத வீட்டுக்குள் முதியவர்களை விடக்கூடாது என்று நானும் சொல்வேன். அப்படியானால் அந்த நேரத்தில் எங்களுக்குப் பதிலாக வீட்டுக்குள் இறங்க வேறு ஆட்கள் வேண்டும், அல்லவா? வீடு திரும்பிய பின்னும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஊரைச் சுற்றி வெள்ளம் போயிருக்கும், கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர் இருக்காது. பொம்பாக்காரர்கள் (தீயணைப்புப் படையினர்) பெரிய குழாயோடு வந்த தெருக்களில் ஒரு காலையில் முடிந்த வேலை, வராத தெருக்களில் வாரக்கணக்கில் இழுத்தது.

இனி என் தொழில் அறிந்ததைச் சொல்கிறேன், இதை மருத்துவ அதிகாரிகள் மறுக்கமாட்டார்கள். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். மண்ணிலேயே வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் நம் நாட்டில் உண்டு. இரண்டும் தோலில் உள்ள சிறு காயம் வழியே உள்ளே போகும். 2010இல் பகாங்கில் லுபுக் யூ என்ற இடத்தில் நீரில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்களிடையே இந்த இரண்டு நோய்களும் பரவி உயிர்களைக் குடித்தன. நல்ல உடற்கட்டோடு இருந்தவர்களுக்கே அந்தக் கதி. மெலியோய்டோசிஸ் நீரிழிவுக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களிடையே விகிதம் மற்றவர்களைவிட அதிகம். எங்கள் தெருவில் இனிப்பு நீர் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள் ஜப்பான் சிலிப்பர் என்னும் ரப்பர்ச் செருப்போடு சேற்றில் இறங்கி, ஆணி குத்தியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நிற்கிறார்கள். காய்ச்சல் ஒரு வாரம் கழித்து வருகிறது. அப்போது யாரும் அதை வெள்ளத்தின் கணக்கில் எழுதுவதில்லை.

என் மகள் ஜப்பானில் நீகாத்தா மாநிலத்தில் வேலை செய்கிறாள். அங்கே வானத்திலிருந்து கொட்டுவது பனி. ஒரே இரவில் வாசல் மறைந்துவிடும் என்கிறாள். பனியின் கனத்தை அவளிடம் கேட்டு வைத்தேன். புதிதாகப் பெய்தது கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான், நாள்பட்டு இறுகினால் 300, 500 என்று ஏறும். எங்கள் சேறு அதைவிடப் பல மடங்கு. பனியாவது வெயில் வந்தால் உருகும். ஆனால் அந்த நாடு பனியை அவரவர் வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடவில்லை. கடும்பனிப் பகுதிகளுக்கென்றே 1962இல் தனிச் சட்டம் போட்டார்கள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதி அதன்கீழ் வருகிறது. நாகாவோகா நகரில் நிலத்தடி நீரைச் சாலை நடுவே குழாய் வழியே தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள், அந்த முறை பிறந்ததே அந்த ஊரில்தான். இத்தனை இருந்தும் 2005-06 குளிர்காலத்தில் 150க்கும் மேற்பட்டோர் பனியால் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், கூரைப் பனியைத் தள்ள ஏறி விழுந்தவர்களே பலர். இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்ட கிராமங்கள் அவை. இன்று அங்கே பல ஊராட்சிகள் முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளுக்குப் பனி அள்ளும் செலவில் உதவுகின்றன, தன்னார்வலர்களையும் அனுப்புகின்றன. எங்கள் தாமானும் அப்படிப்பட்ட ஊர்தான், ஐயா. பெய்வதுதான் வேறு.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது நாடே திரண்டு போனது. படகும் சோறும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. பெருநகரத்துக்கு அருகில் இருந்ததால் அது முடிந்தது. 2023 மார்ச்சில் ஜோகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் மையங்களில் இருந்தபோது, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் தோட்டப்புறச் சிறுபட்டணங்களைத் தேடி அப்படி யாரும் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. நல்ல மனதுக்காரர்கள் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் வேலை நடக்கும்படி இருப்பதற்குத்தானே அரசாங்கத் திட்டம்.

ஆள் இல்லை, இயந்திரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் பட்டணத்தைச் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் தோட்டம். ஒவ்வொரு தோட்டத்திலும் டிராக்டர், தொட்டி லோரி, மண் அள்ளும் பேக்ஹோ, செம்பனைக் குழை (பழக்குலை) ஏற்றும் டிரெய்லர் எல்லாம் இருக்கின்றன. வெள்ள நாளில் குழை வெட்ட முடியாது, வண்டிகள் கொட்டகையில் நிற்கும். கம்பெனிகளைக் கூப்பிட்டு, எத்தனை வண்டி, எந்த ஓட்டுநர், டீசல் யார் செலவு, யார் அழைத்தால் வரவேண்டும் என்பதை அக்டோபரிலேயே எழுத்தில் போட்டு வையுங்கள். வெள்ளம் வந்தபின் மானேஜருக்குப் போன் போட்டு, அவர் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதி, அங்கிருந்து அனுமதி வருவதற்குள் சேறு கல்லாகிவிடும். வெறும் கையெழுத்து இல்லாததால் முதியவர்கள் மண்வெட்டி பிடிக்க வேண்டாமே.

தோட்டங்களை இதில் சேர்ப்பதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. எங்கள் வீட்டுக்குள் வரும் சேறு ஆற்றில் தானாக முளைப்பதில்லை. செம்பனை இருபத்தைந்து வயதை நெருங்கினால் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறார்கள். மண்ணைக் காக்க நடும் மூடுகொடி படரும் வரை சரிவு முழுக்க மொட்டையாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் பெருமழை பிடித்தால் மேல்மண் அப்படியே ஆற்றுக்கு இறங்கி, ஆற்றின் ஆழம் குறைந்து, அடுத்த மழைக்குக் கரை மீறுகிறது. அந்த மண்ணின் நிறம் எங்களுக்குத் தெரியும், முப்பது நாற்பது ஆண்டு அதில் நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். மழைக்காலத்துக்கு முன் சரிவான இடங்களில் நிலத்தை மொட்டையாக்க வேண்டாம், ஆற்றோர மரங்களை விட்டுவைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எம்எஸ்பிஓ என்னும் செம்பனைத் தோட்டங்களுக்கான நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020இலிருந்து நாடு முழுவதும் கட்டாயம். ஆற்றோரத்தைக் காப்பது அதிலேயே இருக்கிறது. புதிய விதி எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

மற்றவை சிறிய செலவுதான். தண்ணீர் வடிந்த அன்றே தெருமுனைக்கு ஒரு தண்ணீர் லோரியும், உடைந்த சாமான்களைப் போட, லோரியில் ஏற்றி இறக்கும் பெரிய ரோரோ குப்பைத் தொட்டி ஒன்றும் வந்தால் பாதி பாரம் இறங்கும். குப்பை மேடு தெருவோரம் கிடக்கக் கிடக்க எலி கூடும், எலி கூடினால் முன்பு சொன்ன காய்ச்சலும் கூடும். தங்கும் மையத்தில் பாயும் போர்வையும் கொடுக்கும்போதே, வீடு திரும்புகிறவருக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் கையுறையும் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் கிளினிக் தாதியர் தெருவுக்கே வந்து கால்களைப் பார்க்கட்டும், காய்ச்சல் கேட்கட்டும். குடும்பத்துக்கு 1,000 வெள்ளி உதவித்தொகை கொடுக்கிறீர்கள், நன்றி. எழுபத்தைந்து வயதுக்காரர் அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஆளைத் தேடி அலைவதற்குப் பதில், ஆளே அவர் வாசலுக்கு வந்து நிற்பது பெரிய உதவி.

எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற குழப்பம் உங்களுக்கு வேண்டாம். தனியாக இருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள், கால் எடுத்தவர்கள் இருக்கும் வீடுகளைத் தாமான் குடியிருப்பாளர் சங்கமும் கோவில் நிர்வாகமும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். அவரவர் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பக்கத்துக் கம்போங் (மலாய்க் கிராமம்) தலைவரும் சீனர் கடைத்தெருக்காரர்களும் தங்கள் பகுதிப் பட்டியலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊர் வரும் பிள்ளைகளிடமும் பேசி, வெள்ளம் வடியும் நாளில் யார் யார் லீவு போட்டு வரமுடியும் என்று கேட்டு எழுதி வைக்கிறோம்.

இந்த ஆண்டுப் பருவமழைக் கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பட்டியலோடு வருகிறோம். தோட்ட மானேஜர்களையும் அன்றைக்கே அழைத்திருந்தால் வண்டி விஷயத்தையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம். தேதியைத் தாமான் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரெஸ்ஸர் ஒருவர்,
ஆற்றோரத் தாமான் குடியிருப்பாளர்களின் சார்பில்,
வடஜோகூர்