சிப்பாயின் கடிதக் கட்டைப் பிரிக்கும் மகனுக்கு

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களை நானும் அப்பாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையிலிருந்த ஒரு சாதாரணச் சிப்பாய் தன் அம்மாவுக்குப் போட்ட கடிதங்கள் உன் கைக்கு வந்திருக்கின்றன. சண்டையைப் பற்றிய பகுதியை மட்டும் பெயர்த்தெழுதி, மற்றதைச் சுருக்கிவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னாய். வேண்டாம் தம்பி. தபால் கவுண்டரிலும் தபால்தலை ஆல்பத்திலும் கற்றதை வைத்துச் சொல்கிறேன், ஒரு வரியையும் விடாதே.

முதலில் தாள். வெள்ளைக் கையுறை போடாதே, விரலுக்கு உணர்வு தெரியாமல் ஓரம் கிழியும். கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைத்தால் போதும். மேசையில் பேனாவே இருக்கக் கூடாது, பென்சில் மட்டும். அந்தக் காலத்து மை மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் பிசினும் கலந்தது. அதிலுள்ள அமிலம் வருஷக்கணக்காகத் தாளை அரித்துக்கொண்டே இருக்கும். எழுத்து அழுத்தமாக இருக்கும் இடத்தில்தான் தாள் முதலில் விரிசல் விடும். மடிப்பு விறைத்திருந்தால் நீயாக நிமிர்த்தாதே, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடு. டேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் அறவே கூடாது. இங்கே நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், உங்கள் பக்கம் குளிர்காலத்து வறண்ட காற்றில் தாள் முறுகும். ஈரப்பதம் 35-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது.

நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் தாளின் நட்டநடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது, பார்த்தாயா? குறுக்கு மடிப்பும் நெடுக்கு மடிப்பும் சந்திக்கும் இடம் அது. அங்கே ஒரு சொல் தேய்ந்து போயிருக்கிறது. அது என்ன சொல்லாக இருக்கும் என்று உனக்குத் தோன்றினாலும் நிரப்பாதே. சதுர அடைப்புக்குறி போட்டு வெற்றாக விடு. பாதி தெரிகிற எழுத்துக்கு அடைப்புக்குள் கேள்விக்குறி போடு. பென்சிலில் எழுதியவை மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில், மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடி. பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

பக்க வரிசையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். சிப்பாய் அதை 1, 2, 3, 4 என்றே எழுதியிருப்பான் என்று நினைக்காதே. முதல் பக்கத்துக்குப் பிறகு நேரே நான்காம் பக்கத்துக்குப் போயிருப்பான், மிச்சச் செய்தியை முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் தலைகீழாக எழுதியிருப்பான். தாள் போதாவிட்டால் எழுதிய பக்கத்தையே பக்கவாட்டில் திருப்பி, வரிகளின் மேல் குறுக்காக எழுதுவதும் உண்டு. படமெடுத்துத் திரையில் திருப்பி, ஒரு திசை வரிகளை முழுவதும் முடித்த பிறகு அடுத்த திசைக்குப் போ.

அவன் எழுத்துப்பிழையைத் திருத்தாதே. காதில் கேட்டபடி எழுதியிருக்கிறான், வாய்விட்டுப் படித்தால் புரியும். இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ் நீளமாக எஃப் மாதிரி நிற்கும், இரண்டும் சேர்ந்து ஆங்கில 'p' என்றே தோன்றும். தேதியோடு 'இன்ஸ்ட்' என்றிருந்தால் இந்த மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம். 'நலம், நலமறிய அவா' என்று நாம் தொடங்குவதுபோல அவர்களுக்கும் 'பேனாவைக் கையில் எடுத்தேன்' என்று ஒரு வழக்கமான தொடக்கம் உண்டு. அதையும் அப்படியே எழுது.

வருஷம் இல்லாத கடிதங்களுக்கு உறையைப் பார். அந்தக் காலத்து முத்திரைகள் பலவற்றில் ஊரும் மாதமும் நாளும்தான் இருக்கும். வாஷிங்டன் படம் போட்ட ரோஜா நிற 3 சென்ட் தபால்தலை 1861 ஆகஸ்டில் வந்தது. பிரிந்துபோன தெற்கத்தி மாநில அஞ்சலகங்களில் பழைய இருப்பு மாட்டிக்கொண்டதால், பழைய தலைகளைச் செல்லாதவை ஆக்கிப் புதிதாக வெளியிட்டார்கள். தபால்தலையே இல்லாமல் 'சிப்பாயின் கடிதம்' என்று எழுதி அதிகாரி கையெழுத்து இருந்தால், 1861 ஜூலையில் வந்த சட்டத்தின்படி வீட்டில் வாங்குபவர் 3 சென்ட் கட்ட வேண்டும். முகாமில் தபால்தலை கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் மழையிலும் வேர்வையிலும் பசை இளகிச் சட்டைப்பைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'ஸ்டாம்பு அனுப்பு' என்று திரும்பத் திரும்ப அவன் கேட்பது அதனால்தான். கிழமையும் உதவும். ஏப்ரல் 6 ஞாயிறு என்று எழுதியிருந்தால் அது 1862, ஷைலோ சண்டை தொடங்கிய நாள். ஜனவரி கடிதங்களில் மட்டும் கவனம், பழைய வருஷத்தையே கை எழுதிவிடும். எப்படியானாலும் உறையையும் கடிதத்தையும் பிரித்து வைக்காதே, பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியாது.

சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அவன் எழுதுவதை நம்பி வரலாறு எழுத முடியாது. அவன் கண்டது தன் வரிசையையும் புகையையும்தான், மற்றது முகாம் வதந்தி. காலணி கிழிந்தது, பிஸ்கட்டில் புழு, சம்பளம் வரவில்லை என்பதையெல்லாம் நம்பலாம். 'கொஞ்சம் வயிற்றுப்போக்கு' என்று எழுதினால் அதைக் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தப் போரில் செத்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் நோயில் போனவர்கள், அம்மாவிடம் அதைக் குறைத்துத்தான் சொல்வான். பக்கத்து வீட்டுப் பையன்களின் பெயர்களையும் விடாதே. ஒரு கம்பெனி, அதாவது சிறு படைப்பிரிவு, பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் திரட்டியதுதான், பெயர்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் தேதியும் இடமும் உறுதியாகும்.

இப்போது பணம். நீ சுருக்க நினைத்தது இந்த வரிகளைத்தானே? சிப்பாயின் சம்பளம் மாதம் 13 டாலர், 1864-இல் 16. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 பிடித்ததுபோகக் கையில் 7, அதுவும் 1864 வரை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய சம்பளம் பல மாதம் இழுக்கும். உறைக்குள் நோட்டை வைத்தால் வழியில் காணாமல் போகும். தபால் மணியார்டர் 1864 நவம்பரில்தான் வந்தது. 'இத்தோடு 10 டாலர், வந்ததா என்று எழுது' என்பதில் இவ்வளவும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 1862 ஜூலைச் சட்டப்படி, மகனை நம்பி வாழ்ந்த தாய், அவன் செத்தால் மாதம் 8 டாலர் ஓய்வூதியம் கேட்கலாம். அவன் காசு அனுப்பித்தான் நான் பிழைத்தேன் என்று நிரூபிக்க வேண்டும். பல தாய்மார் கையில் சான்று என்று இருந்தது மகனின் கடிதம் ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் அவை வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்து ஓய்வூதியக் கோப்புகளில் கிடக்கின்றன. செத்த பிள்ளையின் கையெழுத்தைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டு அரிசிக்கும் விறகுக்கும் வழி தேடிய அம்மாக்கள், தம்பி. உன் கட்டிலுள்ள கடிதங்கள் வீட்டிலேயே தங்கியவை. ஆனாலும் நடுவில் சில மாதங்கள் விட்டுப்போயிருந்தால் அவன் தாயின் பெயரில் ஓய்வூதியக் கோப்பு இருக்கிறதா என்று அந்தக் காப்பகத்தில் தேடச் சொல். மிச்சக் கடிதங்கள் அங்கே இருக்கலாம்.

உறைகளின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. சில வீடுகளில் கடிதம் வந்த நாளையும் பதில் போட்ட நாளையும் அங்கே குறித்துவைப்பார்கள். தாய் எழுதிய பதில்கள் முகாமிலேயே தொலைந்திருக்கும், அவற்றின் தேதியாவது கிடைக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா