பயம் என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கைத்தொலைபேசியில் பணம் செலுத்துவது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். வடக்கிலுள்ள முதியவர்களும் சிறு வியாபாரிகளும் மாற்றத்துக்குப் பயந்தவர்கள், அதனால்தான் இந்த வசதி இங்கே பரவவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் 31 ஆண்டுகள் தபால் திணைக்களத்தில் இருந்து, உப தபாலதிபராக ஓய்வுபெற்றவன். பிறருடைய காசைக் கையில் வைத்து எண்ணிக் கொடுத்தே காலம் போனது. உங்கள் பத்திரிகையை அதற்கும் முன்னிருந்து வாசிக்கிறேன். அந்த வரியை எங்கள் ஊரில் அச்சாகும் பத்திரிகையில் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பயந்த சனமா நாங்கள்? 1990க்குப் பிறகு, போர்க்காலத் தடையில், மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது. துளிப் பெற்றோலை விட்டு எஞ்சினை உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, மண்ணெண்ணெயை அளந்து ஊற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைச் சோதனைக்குப் படிக்க வைத்தோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அன்று உங்கள் பத்திரிகையும் கிடைத்த தாளில்தான் வந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2022 யூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். குறியீடு வந்தபோது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 71 வயது. மகளின் போனில் பதிந்து, தாளில் எடுத்து, லமினேற் செய்து, ஸ்கூட்டரின் கண்ணாடிக் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டா. இன்றைக்கு எந்த வாகன இலக்கத்துக்கு முறை, மிச்சம் எத்தனை லீற்றர் என்று ஒரு கிழமைக்குள் எங்களுக்கே சொல்லித் தந்தா. யாரும் வகுப்பு வைக்கவில்லை. பெற்றோல் தேவைப்பட்டது, காட்டினால் அந்த இடத்திலேயே கிடைத்தது, அவ்வளவுதான்.

என் மகள் யாழ். பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்தவள். பிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார் என்று அவள்தான் சொன்னாள். ஒரு புதிய கருவியைச் சனம் ஏற்பதும் விடுவதும் இரண்டு கேள்வியில் தங்கியிருக்கிறதாம்: இதால் எனக்குப் பயன் உண்டா, இது கையாள இலகுவா. பின்னால் வந்தவர்கள், அக்கம்பக்கத்தார் பாவிக்கிறார்களா, பிழைத்தால் உதவ ஆள் உண்டா, இதை நம்பலாமா என்பவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையாளர் இவற்றில் ஒன்றையாவது எங்களிடம் வந்து கேட்டிருக்கலாம்.

கென்யாவில் 2007இல், போனில் காசு அனுப்பும் எம்-பெசா தொடங்கியபோது நடந்ததும் இதுதான். சிறுகடன் தவணை கட்டுவதற்கென்று யோசித்த ஏற்பாடு அது. சனமோ நைரோபியில் உழைத்த காசை ஊரிலுள்ள தாய்க்கு அனுப்ப அதைப் பிடித்துக்கொண்டது. சாதாரண பட்டன் போன் போதும். சந்தியிலுள்ள பெட்டிக்கடைக்காரரே முகவர். காசைக் கொடுத்தால் போனில் ஏற்றுவார், போனைக் காட்டினால் காசாகத் தருவார். பிழை நடந்தால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. இங்கேயும் 2012இல் அதே மாதிரி ஈசி காஷ் வந்தபோது, பேராதனையில் படிக்கும் பிள்ளைக்கு றீலோட் கடையில் காசு போட்ட தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மாற்றம் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை.

இனி எங்கள் கடைக் கதைக்கு வருகிறேன்.

என் பெறாமகன் கோண்டாவிலில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். பின்னேரங்களில் நானும் போய் இருப்பேன். போனைப் பிடித்துக் காசு கட்டும் லங்கா கியூ.ஆர். 2018இல் அறிமுகமானது, எங்கள் கடைக்கு அதன் ஒட்டி (ஸ்ரிக்கர்) வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. கண்ணாடிப் போத்தல்களுக்கு முன்னால், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நான்தான் என் கையால் ஒட்டினேன். ஒரு நாள் தெரிந்த பெடியன் ஒருவன் 2,350 ரூபாவுக்குச் சாமான் எடுத்தான். போனைப் பிடித்தான், பச்சைச் சரி விழுந்தது. எங்கள் போனில் சத்தமே இல்லை.

"ஐயா, எனக்குக் கழிஞ்சிட்டுது, பாருங்கோ" என்று திரையைக் காட்டினான்.

"எங்களுக்கு இன்னும் வரேல்லைத் தம்பி. கொஞ்சம் பாப்பம்."

பார்த்தோம். பின்னால் மூன்று பேர் சாமானோடு நின்றார்கள். அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. ஏமாற்ற வந்தவனாக மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற கூச்சம் அவனுக்கு. சாமானைக் கொண்டு போ என்று சொல்லியும் கேட்காமல், சேர்ட் பையிலிருந்த காசை எடுத்து எண்ணித் தந்துவிட்டுப் போனான். ஒரே சாமானுக்கு இரண்டு தடவை காசு கட்டினான்.

வங்கியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். 17 நிமிடம் பாட்டுக் கேட்டேன். வந்த பிள்ளை சிங்களத்தில் பேசினாள். தமிழில் பேசுகிற ஒருவரைத் தரும்படி கேட்டேன். மறுபடியும் பாட்டு, பிறகு தொடர்பு அறுந்தது. அடுத்த நாள் கிளைக்குப் போனால், அது எங்கள் கையில் இல்லை, கொழும்புக்கு எழுதுங்கள் என்றார்கள். ஒன்பதாம் நாள் காசு வந்தது. வந்ததாகச் சொன்ன குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அந்தப் பெடியனைத் தேடிப் பிடித்து 2,350 ரூபாவைக் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதினார்கள். அதற்கு முன்பும் பின்பும் எத்தனை படிவங்களை மற்றவர்களுக்கு வாசித்து, நிரப்பி, கைநாட்டுப் போடும் இடத்தைக் காட்டியிருப்பேன்! என்னுடைய சொந்தக் காசு எங்கே போனது என்பதை இந்த வயதில் என் மொழியில் அறிய முடியவில்லை என்றால், யாருக்குப் பயம், யாரில் பிழை என்று நீங்களே சொல்லுங்கள். இந்த மொழிப் பிரச்சினையைப் பற்றி உங்களுக்கு முன்பு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் வரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

தபாற் கந்தோரில் காசுக்கட்டளை மாற்றவரும் கிழவிகளை நினைத்துப் பார்க்கிறேன். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஒரு துண்டுத் தாளில் வந்த காசை நம்பினார்கள். கைநாட்டு வைத்த பிறகு நான் நோட்டுகளை ஒன்றொன்றாக மேசையில் வைப்பேன், அவர்கள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். குறைந்தால் கேட்க நான் அங்கே இருந்தேன். வெளிநாட்டில் கட்டிய காசை வங்கி இல்லாமல் ஆள் மூலம் இங்கே தருகிற உண்டியலும் அப்படித்தான். அது சட்டப்படி சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரொறன்ரோவில் மகன் கட்டிய காசை இங்கே சைக்கிளில் கொண்டு வந்து, "எண்ணிப் பாருங்கோ அம்மா" என்று முற்றத்தில் நின்ற மனிதரை இந்தச் சனம் நம்பியது. ஆளைத் தெரியும், அவருடைய வீட்டைத் தெரியும்.

காசை ஏன் கையில் வைத்திருக்க விரும்புகிறோம் என்றும் கட்டுரையாளர் வியந்திருக்கிறார். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். வங்கிப் புத்தகம் என் பையில் பத்திரமாக இருந்தது. கொடிகாமத்தில் எங்களுக்குச் சோறு போட்டது அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசு. அந்த இரவைக் கடந்தவர்களிடம் போய்ப் பழைய பழக்கத்தை விடுங்கள் என்று சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

போன வருடம் பலாலியிலிருந்து சென்னை போய், அங்கிருந்து சிதம்பரம் போனோம். கோயில் வீதியில் ஒரு தேநீர்க் கடை. ஆள் போனைப் பிடித்ததும் கடைக்காரரின் மேசையிலிருந்த சின்னப் பெட்டி, இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொன்னது. கடைக்காரர் தேநீர் ஆற்றிக்கொண்டே தலையாட்டினார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இரண்டாவது தேநீருக்குச் சொல்லிவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஆட்களை இதற்குள் தள்ளினார்கள் என்பது உண்மைதான். புது நோட்டுகள் வந்த பிறகும் அவர்கள் இதை விடவில்லையே. 2020இலிருந்து அங்கே யூ.பி.ஐ. என்ற இந்தப் போன் முறையில் காசு வாங்கும் கடைக்காரரிடம் அதற்கென்று கழிவு (கொமிஷன்) பிடிப்பதில்லை. இங்கே பிடித்து வந்தார்கள். சந்தையில் 100 கிலோவுக்குப் 10 கிலோ கழிவு கொடுத்து நொந்த விவசாயியிடம் கழிவு என்ற சொல்லை மறுபடி கொண்டுபோனால் அவன் எப்படிக் கை நீட்டுவான்?

கோபத்தில் நீட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும். நான் கேட்க வந்தது சின்ன விடயம்.

வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில், அரைப் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒன்று அச்சிடுங்கள். கழிந்த காசு வந்து சேராவிட்டால் முதலில் என்ன செய்வது, எந்த விபரங்களைக் குறித்து வைப்பது, வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எப்படி முறையிடுவது, அதன் இலக்கம் என்ன. ஒவ்வொரு வங்கியிலும் தமிழில் பேசக்கூடியவர் எத்தனை மணிக்கு இருப்பார் என்பதை உங்கள் நிருபர் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. கேட்கும்போது, 3ஐ அழுத்திவிட்டு அவரும் காத்திருந்து பார்க்கட்டும்.

எங்கள் கடை ஒட்டியைப் பெறாமகன் இன்னும் கிழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
கோண்டாவில்.