அரிசி அறை கேட்டு ஒரு மனு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அறுபது தாண்டியும் உன்னை இப்படித்தான் விளிக்க வருகிறது, பொறுத்துக்கொள். உன் கடிதம் செவ்வாயன்றே வந்தது. தென்னையில் வெள்ளை ஈ என்று எழுதியிருந்தாய். 2016இல் உங்கள் பொள்ளாச்சியிலும் எங்கள் பாலக்காட்டுப் பக்கமும்தான் அது முதலில் தலைகாட்டியது. பயந்துபோய் மருந்து அடித்துவிடாதே. அந்த ஈயைத் தின்று வளரும் என்கார்சியா என்ற பொடிக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, ஓலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சு. வாத்தியார் புத்தி போகவில்லை என்று நீ முணுமுணுப்பது கேட்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்காக எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறோம், அறிவியல் கல்வியை மேம்படுத்தக் கேட்கப்போகிறோம், மனு எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தாய். நான் பட்டதைச் சொல்கிறேன். இங்கே மனுவுக்கு நிவேதனம் என்று பெயர். கோயில் நைவேத்தியம் போலத்தான்: காட்டுவார்கள், மணி அடிப்பார்கள், திரும்ப நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

என் முதல் நிவேதனம் மூன்று பக்கம். அரசியலமைப்பின் 51அ பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இல் சேர்த்தார்களே, அதில் ஆரம்பித்தேன். கோத்தாரி கல்விக் குழு வந்தது, சந்திரயான் வந்தது. நம் சோகநாசினி ஆற்றங்கரைக் கல்லூரியில் படித்த இயற்பியல் முழுவதும் வந்தது. பாலக்காட்டில் இரவு அம்ருதா எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியற்காலையில் திருவனந்தபுரம் இறங்கி, பாளையத்தில் எம்.எல்.ஏ. ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். சபை கூடும் காலம். உறுப்பினர் ஒருவர் (பெயர் எதற்கு?) ஒரு கையில் தோசையும் மறுகையில் கோப்புமாக இருந்தார். முதல் பக்கத்தின் மேல்பாதியைப் பார்த்தார். "நோக்காம் மாஷே" என்றார், பார்க்கலாம் வாத்தியாரே என்று. காகிதம் ஒரு கட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். அறிவியல் வளர வேண்டும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? மறுக்க முடியாததைக் கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். ரயிலில் திரும்பும்போதுதான் இது எனக்கு உறைத்தது, அதுவும் எர்ணாகுளம் தாண்டி.

உண்மையில் எங்களுக்கு என்ன இல்லை என்று யோசித்தேன். கேரளத்துப் பள்ளிகளுக்குக் கருவிகள் வராமல் இல்லை. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம்தான் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமானது. மடிக்கணினி, புரொஜெக்டர் எல்லாம் வகுப்பறைக்கே வந்தன. கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு லிட்டில் கைட்ஸ் மன்றம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ரோபோ செய்யும் பாடமே வந்துவிட்டது. பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகின்றன. எல்லைப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

நான் ஓய்வு பெற்ற பள்ளியின் தடையே வேறு. அங்கே ஆய்வுக்கூடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, உள்ளே அரிசி இருக்கிறது. கஞ்சிப்புரை என்கிற பள்ளிச் சமையல்கூடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்ததும் மதிய உணவுக்கு அரசு மாவேலி ஸ்டோரிலிருந்து வரும் மூட்டைகளைத் தற்காலிகமாக ஆய்வுக்கூடத்தில் அடுக்கினார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசு அகராதியில் என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். மூட்டையோடு எலி வந்தது. ப்யூரெட் தாங்கியின் மரக்கட்டையைக் கூடக் கடித்திருந்தது. பிள்ளைகள் சோதனைகளைப் படத்தில் பார்த்து எழுதினார்கள்.

ஆகவே இரண்டாவது நிவேதனத்தில் அறிவியல் என்ற சொல்லே இல்லை. அரைப் பக்கம், அதுவும் தமிழில். எந்த அதிகாரிக்கும் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் முறையீடு கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. தேவிகுளத்து உறுப்பினர் 2021இல் சபையிலேயே தமிழில் உறுதிமொழி எடுத்தாரே, என் நிவேதனம் தமிழில் போனால் என்ன? "அரிசி வைக்க ஓர் அறை வேண்டும். அளவு இவ்வளவு. இடம் கஞ்சிப்புரைக்குத் தெற்கே. மூட்டைகள் வெளியேறினால் ஆய்வுக்கூடம் திறக்கும்." அவ்வளவுதான். ஆசையாய் எழுதிவைத்திருந்த ஒரு பத்தியை, வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு அடித்தவள் உன் தங்கச்சி. நன்றி அவளுக்கே.

இந்த முறை தலைநகருக்குப் போகவில்லை. சபை இல்லாத சமயம் பார்த்து, அதே உறுப்பினர் ஊரில் இருக்கும் காலை வேளையில் போனோம். பஞ்சாயத்து மெம்பரும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் கூட வந்தார்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். வேண்டுமென்றேதான் சேர்த்து அழைத்துப் போனேன்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியும் அவள் நோட்டும் வந்தன. அவள் ஊர்க் கிணறுகளின் தண்ணீரைத் தெருத் தெருவாய்ச் சோதித்திருந்தாள். ஒரே அளவு தண்ணீர், அதில் சோப்புக் கரைசல் சொட்டுச் சொட்டாக. குலுக்கி, நுரை நிற்க எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணுவது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் திட்டாகிவிடும், நுரை வரச் சொட்டு கூடும். ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்ததால் திண்ணையில் உட்கார்ந்து, இருமல் மருந்துப் பாட்டிலை வைத்துச் செய்தாள். ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது நடுவருக்குத் தமிழ் வரவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

உறுப்பினர் நோட்டைத் திறந்தார். சொட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கிணறு எத்தனை மோளே?" என்றார். அவள் அசரவில்லை. "அங்கே இன்னும் போகவில்லை, சார்" என்றாள். கொல்லைப்புறம் அழைத்துப்போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். என் மூன்று பக்கத்துக்குக் கிடைக்காத முக்கால் மணி நேரம் ஒரு பாட்டிலுக்குக் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

எங்கள் தாலுக்காவில் தண்ணீர் என்றால் யாரும் காது கொடுப்பார்கள், அதற்குக் காரணம் உண்டு. பிளாச்சிமடை இங்கிருந்து பஸ் தூரம். 2000இல் அங்கே குளிர்பான ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டதை முதலில் சொன்னது பெண்களின் நாக்கு. மயிலம்மா போன்றவர்கள் 2002இல் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், 2004இல் ஆலை நின்றது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் மசோதாவே நிறைவேற்றியது. அது தில்லிக்குப் போய்க் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பியது. நாக்கு சொன்னதை எண்ணாக எழுத அன்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு பள்ளிப்பிள்ளை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். ஆலை இன்னும் சீக்கிரம் நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. குறைந்தபட்சம் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரிகள் கேட்கும்போது நீட்ட ஒரு நோட்டு இருந்திருக்கும்.

அறைக்குத் தன் ஆஸ்தி விகசன நிதியிலிருந்து பரிந்துரைக்கிறேன் என்றார் உறுப்பினர். உங்கள் பக்கம் தொகுதி மேம்பாட்டு நிதி என்பீர்கள். மதிப்பீடு, அனுமதி என்று இனிமேல்தான் நடை இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது அவர் செய்த மற்றொன்று. தமிழ் வழி உயர்நிலைப் பள்ளிகளில் எத்தனைக்குத் தனி ஆய்வுக்கூடம் உண்டு, எத்தனை வேறு காரியத்துக்குப் பயன்படுகின்றன என்று சபையில் எழுத்துமூலம் ஒரு கேள்வி கொடுத்தார். நாங்கள் எழுதிக் கொடுத்த கேள்விதான். பதில் என்ன வந்தது தெரியுமா? "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது." கூட வந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். எனக்குச் சந்தோஷம். அதுவரை அதை யாரும் எண்ணியதே இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள் அல்லவா?

ஆகையால் உங்கள் மனுவில் "ஸ்மார்ட் வகுப்பறை வேண்டும்" என்று எழுதாதே. 2022இல் வானவில் மன்றம் என்று நடமாடும் அறிவியல் ஆய்வகம் தொடங்கினார்களே, அந்த வண்டி உங்கள் பள்ளிக்குக் கடைசியாக எப்போது வந்தது, வந்த அன்று பிள்ளைகள் கையால் என்ன செய்தார்கள் என்று முதலில் விசாரி. பட்ஜெட்டுக்குப் பிறகு போகாதே, அதற்கு மூன்று நான்கு மாதம் முன்னால் போ. கேட்பது ஒன்றாக இருக்கட்டும். சால்வை வேண்டாம். அவர்களிடம் அது மூட்டை மூட்டையாக இருக்கிறது, எங்கள் அரிசியைப் போல.

போன புதன்கிழமை அலுவலகத்திலிருந்து பள்ளிக்குத் தொலைபேசி வந்ததாம். ஆய்வுக்கூடத்தின் நீள அகலம் உடனே வேண்டும் என்றார்களாம். தலைமையாசிரியை என்னையும் கூப்பிட்டார். மூட்டைகளுக்குப் பின்னால் சுவர் வரை போக ஆளில்லை. அந்தப் பெண்தான் இடுக்கில் நுழைந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். இருபத்துநான்குக்குப் பதினெட்டு அடி. வெளியே வரும்போது தலையெல்லாம் ஒட்டடை, கையில் உடையாத ஒரு பிப்பெட்.

மாசியில் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன் படை வருகிறது. குடும்பத்தோடு வந்துவிடு. கொங்கர் படை தோற்ற கதையை ஆண்டுதோறும் வெடி வைத்துக் கொண்டாடுகிறோம். கொங்குநாட்டு ஆள் ஒருவன் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எனக்குத் திருவிழா ருசிக்கும். வரும்போது உங்கள் மனுவின் நகலைக் கொண்டுவா. அரைப் பக்கத்துக்கு மேல் இருந்தால் உன் தங்கச்சியிடம் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்