தண்ணீர்தான் பெரிய வேலை

திருச்சி
சித்திரை 20

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு ஆவணியில் முகூர்த்தம் என்று படித்ததும் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்பாசமுத்திரம் மாப்பிள்ளையா, நல்ல தண்ணீர் குடிக்கிற ஊர் என்றார். இந்த வீட்டில் இப்போது எல்லாப் பேச்சும் தண்ணீரில்தான் போய் முடிகிறது.

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு நீயும் பெயர் கொடுத்திருக்கிறாய், ஆனால் கத்தியை நினைத்தால் பயமாக இருக்கிறது என்கிறாய். கத்தி பெரிய விஷயமே இல்லையடி. கண் விழித்தால் வயிற்றில் நாலைந்து சின்னத் தையல், அவ்வளவுதான். அதற்கப்புறம் வரும் குமட்டலையும் தாகத்தையும் பற்றித்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வேண்டியவர்கள் எல்லோரும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்களே தவிர, என்ன குடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். அதில் ஆரம்பத்தில் 100, 150 மில்லிதான் கொள்ளும். ஆனால் உடம்புக்கு வேண்டிய தண்ணீர் குறைந்துவிடுமா? நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஒரு மடக்கு கூடினால் நெஞ்சை அடைக்கும், வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும், அப்புறம் ஓங்கரிப்பு. வாந்தி வருகிறதே என்று குடிக்காமல் இருந்தால் உடம்பு வறளும். வறண்டால் குமட்டல் இன்னும் கூடும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டுதான் பலர் வீட்டுக்கு வந்த கையோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நானும் போனேன்.

முதலில் நீ விட வேண்டியது அண்ணாந்து குடிப்பதை. எச்சில் படாமல் சொம்பைத் தூக்கி மடக் மடக்கென்று ஊற்றித்தானே வளர்ந்தோம்? அதில் தண்ணீரோடு காற்றும் போகிறது. இனி வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும், அதுவும் சப்பிச் சப்பி. மருந்து பாட்டில் மூடி ஒன்றில் 30 மில்லி அளந்து வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு ஒன்று என்று குடித்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து இவருக்குப் புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தார்! சிரித்தேன்தான், ஆனால் அந்த மூக்கில் வடிகிற அளவுதான் என் வயிறு ஏற்றுக்கொண்ட அளவு.

என்ன குடிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்குச் சாதாரணத் தண்ணீர் கல் மாதிரி கனத்தது. வெதுவெதுப்பாக, ஒரு துளி எலுமிச்சை விட்டால் இறங்கியது. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு ஐஸ் துண்டு ஒத்துக்கொண்டது. நீர்மோர், தெளிந்த ரசம், பருப்புத் தண்ணீர் எல்லாம் கணக்கில் சேரும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. வாந்தியில் போனதை அது ஈடுகட்டாது. அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவா என்று பார்த்து வாங்கு; லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், அதற்கேற்ற உப்பு. இனிப்புத் தண்ணீரை டெட்ரா பேக்கில் அடைத்து ஓ.ஆர்.எஸ். என்று விற்றுக்கொண்டிருந்தார்கள், 2025 அக்டோபரில்தான் உணவுத் தரம் பார்க்கிற மத்திய அரசு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று தடுத்தது. உனக்கு ஸ்லீவுக்குப் பதில் பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேரே இணைக்கிற ஆபரேஷன் செய்வதாக இருந்தால் சர்க்கரை இன்னும் ஆகாது. வேகமாகக் குடலில் இறங்கி, வியர்த்து, படபடத்து, வயிற்றைக் கலக்கிவிடும்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். வாசனைதான் எனக்கு ஜென்ம எதிரி. கடுகு தாளித்தாலே வாசலுக்குப் போய்விடுவேன். வெனிலா புரோட்டீன் பொடியை இன்றைக்கும் என் கண்ணில் காட்டக் கூடாது. நாக்கில் கரைகிற ஒண்டான்செட்ரான் மாத்திரை எழுதித் தருவார்கள். குமட்டல் தலைக்கேறும் வரை காத்திருக்காமல் அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போட்டுக்கொள்.

சிறுநீரைப் பார்க்கக் கூச்சப்படாதே. அது டீ நிறத்துக்கு வந்துவிட்டாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ நல்ல நேரம் பார்க்காமல் கிளம்பு. குழாய் சுருங்கிப்போயிருந்தாலும் இப்படி ஆகும், உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்கள். முதல் வாரங்களில் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்து நெஞ்சு தடதடவென்று அடித்தால் அது வேறு சங்கதி, தையல் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

இன்னொன்றை உன் வீட்டுக்காரருக்கும் சொல்லி வை. உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தொடர்ந்து வாந்தி எடுத்தால் அது தீர்ந்துபோய், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே ஆபத்து. எனக்கு டிரிப் போட வந்த சிஸ்டர், 'தயமின் போட்டாச்சா?' என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் பாட்டிலையே தூக்கினாள். சின்னப் பெண், இருபத்தைந்துகூட இருக்காது. கெட்டிக்காரி.

உன் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிகிற மருந்து சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாயே, சர்க்கரைக்கும் டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறாய். இரண்டுமே தண்ணீரை இறக்கிவிடுபவை. எதை நிறுத்துவது, எப்போது, எவ்வளவு குறைப்பது என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். நீயாக எதையும் நிறுத்தாதே.

நாள் குறிக்கும்போது வைகாசியை விட்டுவிடு. நான் மாசியில் செய்துகொண்டு பங்குனி வெயிலில் பட்டது போதும். கல்யாணத்தையும் முடித்துவிட்டு ஐப்பசி மழையில் படுத்துக்கொள். தங்கைகள் 'வாயைக் கட்டினால் போதாதா' என்கிறார்களாமே, பதில் சொல்லி மாளாது, விடு.

என் ரவிக்கைகள் எல்லாம் தையல்காரரிடம் பிடிக்கப் போயிருக்கின்றன. ஆவணிக்குள் இன்னொரு தடவை பிடிக்க வேண்டியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்கிறார். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன். பந்தியில் என்னை உட்கார வைத்து வற்புறுத்த வேண்டாம் என்று உன் அண்ணியிடம் மட்டும் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
வசந்தா