முளைத்து வந்த டுலிப் கிழங்குகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: உதகமண்டலத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நான்கு குடும்பத்தார்
பெறுநர்: குறைதீர் அலுவலர், ஆன்லைன் செடி விற்பனைப் பிரிவு
பொருள்: சேமிப்பில் கெட்ட டுலிப், ஹயசிந்த் கிழங்குகள்

ஐயா, வணக்கம்.

அக்டோபர் 22-ல் ஆர்டர் செய்த 50 டுலிப், 10 ஹயசிந்த், 15 டேஃபடில் கிழங்குகள் டிசம்பர் 16-ல் கைக்குக் கிடைத்தன. டேஃபடில் பற்றிக் குறையில்லை. கிழங்கு கெட்டியாக இருக்கிறது, தோலும் உரியவில்லை. மற்ற இரண்டும் மண்ணுக்குப் போகும் முன்பே வீணாகியிருந்தன.

டுலிப்பில் 43 கிழங்குகள் 5 முதல் 8 செ.மீ. வரை முளைவிட்டிருந்தன. வெளிறிய மஞ்சள் முளைகள் பைக்குள் இடமில்லாமல் வளைந்து கிடந்தன. கிழங்கின் அடிப்பகுதியில் ஒரு வேர்கூடக் கிளம்பவில்லை. ஓட்டையே இல்லாத பாலித்தீன் பைகள், உள்ளே வியர்த்து நீர் கோத்திருந்தன. பெட்டியைத் திறந்தபோது எடுத்த வீடியோவை இணைத்திருக்கிறோம்.

இதைத் தெரிவித்ததற்கு வந்த பதில்: "முளை வந்தால் கிழங்கு உயிரோடு இருக்கிறது என்று பொருள். முளையைக் கிள்ளிவிட்டு நடுங்கள். இந்த வருடம் பூக்காவிட்டாலும் அடுத்த வருடம் பூக்கும்."

இந்தப் பதிலை நம்பி நடுகிறவர்களின் கிழங்கு முழுவதும் பாழாகும். டுலிப் கிழங்கு ஒன்றுக்கு நடுக்குருத்தில் ஒரே ஒரு பூமொட்டுதான். கிழங்கைத் தோண்டியெடுத்தபின், கோடைச் சேமிப்பிலேயே அது உள்ளே உருவாகிவிடுகிறது. முளையைக் கிள்ளினால் அந்தப் பூவையும் சேர்த்துக் கிள்ளியாயிற்று. மல்லிகைக்குக் கவாத்து செய்வதுபோல இதற்குச் செய்ய முடியாது. அடுத்த வருடம் என்பதும் நடக்காது. வேரில்லாமல் முளைத்த தாய்க்கிழங்கு சேமித்த சத்தை இழந்து, சிறு கிழங்குகளாகப் பிரிந்துவிடும். அவை பருக்கும்வரை வருடத்துக்கு ஒற்றை இலைதான் விடும். இங்குள்ள வெப்பத்தில் அந்தப் பருமனும் வராது.

காரணம் தெரிய, வாங்கிய ஐந்து டுலிப் வகையிலும் சேர்த்து ஆறு கிழங்குகளை நெடுக்காக இரண்டாக அறுத்துப் பார்த்தோம். நல்ல கிழங்கில் முளைக்குள் ஆறு இதழும் ஆறு மகரந்தத்தாளும் பச்சை கலந்த மஞ்சளில், ஈரப்பசையோடு இருக்கும். இவற்றில் ஐந்தில் மொட்டு சுருங்கி, மகரந்தப்பை வெங்காயச் சருகுபோல வெளுத்துக் காய்ந்திருந்தது. பழங்களைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு தாக்கினால் இப்படித்தான் ஆகும். மஞ்சள் வகைப் பையில் இரண்டு கிழங்குகள் கையில் எடுத்தால் கனமே இல்லை, புளித்த வாடை, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சணம். இது ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகல். அழுகும் கிழங்கு எத்திலீனைக் கக்கும்; பக்கத்துக் கிழங்குகள் வெளிப்பார்வைக்கு நன்றாயிருந்தாலும் அவற்றின் மொட்டு உள்ளே கருகிவிடும். ஓட்டையில்லாத பையில் அந்த வாயு வெளியேற வழியும் இல்லை. போதாததற்கு, அட்டைப்பெட்டிக்குள் ஆப்பிள் அடுக்கும் ஊதாநிறக் குழித்தாளை விரித்து அனுப்பியிருக்கிறீர்கள். பழம் வைக்கும் அதே குளிர் அறையில் கிழங்கையும் வைத்தீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். பழுக்கும் ஆப்பிளும் எத்திலீன் விடும்.

விற்பனைப் பக்கத்தில் "குளிரூட்டப்பட்டது, ஊட்டி, கொடைக்கானலில் நேரடியாக நடலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். எத்தனை வாரம், எந்த வெப்பநிலை என்று எங்குமே இல்லை. நேரடியாக நட்டுப் பூக்க வேண்டுமென்றால் கிழங்கை 5 டிகிரியில் 9 முதல் 12 வாரம் வைத்திருக்க வேண்டும். அதன்பின் கூரியர் கிடங்கில் சில நாள் வெக்கையில் கிடந்தாலும் தண்டு நீளாது, மொட்டு காயும். ஊட்டியில் உறைபனி விழுகிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. விடியற்காலையில் புல் வெளுத்தாலும் பகலில் 20 டிகிரி வரை ஏறிவிடுகிறது. ஸ்ரீநகரில் உள்ள டுலிப் தோட்டத்தில் குளிர்காலத்துக்கு முன் நட்டு மார்ச் கடைசியில் பூப் பார்க்கிறார்கள் என்றால், அங்கே மண் மாதக்கணக்கில் குளிர்ந்தே கிடக்கிறது. இங்கே அந்தக் குளிரைக் கிழங்குக்குள் ஏற்றி அனுப்புவது விற்பவர் வேலை.

ஹயசிந்த் பத்திலும் 3, 4 செ.மீ. முளைக்குள் பூக்கொத்து நீல நிறம் காட்டத் தொடங்கிவிட்டது. குளிர் முழுசாகக் கிடைக்காமல் வெக்கை பட்டால் தண்டு எழும்பாமல் இலை இடுக்கிலேயே பூ திணறி விரியும். இந்தப் பத்தும் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

எனவே 60 கிழங்குகளுக்கான ₹4,320-ஐயும் கூரியர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் கிழங்கு வேண்டாம். ஜனவரியில் வந்தால் வெயில் முந்திக்கொள்ளும். "முளையைக் கிள்ளி நடுங்கள்" என்ற அறிவுரையை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பையிலும் எத்தனை டிகிரியில் எத்தனை வாரம் குளிரூட்டியது, குளிர் அறையிலிருந்து எடுத்த தேதி எது என்று அச்சிடுங்கள். வலைப்பையிலோ துளையிட்ட தாள்பையிலோ, உலர்ந்த மரத்தூள் போட்டு அனுப்புங்கள். அனுப்பும் முன் பைக்கு ஒரு கிழங்கையாவது அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அந்தப் பையையே ஒதுக்கிவிடுங்கள்.

2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் இந்தப் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 உதவி எண்ணிலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம். அறுத்த கிழங்குகளின் படங்கள், பில் நகல், எடை விவரம் இணைப்பில் உள்ளன. அறுக்காத கிழங்குகளை ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில், பழம் எதுவும் இல்லாமல், தாள்பையில் தனியே வைத்திருக்கிறோம். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
நான்கு குடும்பத்தார் சார்பில்,
உதகமண்டலம், டிசம்பர் 19